பென்சிலால் எழுதிய பின்பக்கங்கள்

என் மச்சாள் அன்ரனெற் பத்தொன்பது மொழிப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறாள். அவற்றில் இரண்டு மொழிகளைத்தான் அவளால் வாசிக்க முடியும். இதை நான் கேலியாகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. "எனக்கு வாசிக்கவோ சம்பளம் தருகினம் மச்சாள்? படம் எடுக்கத்தானே," என்பாள்.

நான் றெஜினா. அவளுடைய தமையன் றெமிஜியஸைக் கட்டிய பாவத்துக்கு முப்பது வருடமாக அவளுக்கு மச்சாளாக இருக்கிறேன். எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில். அவள் தனி ஆள், ரொறன்ரோவுக்குள்ளேயே சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருக்கிறாள். மன்னாரிலிருந்து தொண்ணூற்றொன்றில் வந்து ஏறிய அதே கட்டடம். மாடிதான் இரண்டு முறை மாறியிருக்கிறது. கார் ஓட்டப் பழகு என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. அவளுக்குச் சப்வே போதும்.

முதலில் ஒன்பது வருடம் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றாள். பிறகு இங்கும் அங்குமாகச் சில வேலைகள். இப்போது பதினொரு வருடமாக நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பேஸ்மென்றில் பழைய புத்தகங்களையும் கடிதங்களையும் ஸ்கான் செய்கிறாள். யன்னல் இல்லாத அறை. புத்தகத்தின் முதுகு நோகாமல் விரித்து வைக்க ஒரு தொட்டில், இரண்டு பக்கமும் விளக்கு, மேலே இரண்டு கமெரா. காலால் ஒரு மிதி மிதித்தால் படம் விழும். அவள் எடுத்த இலட்சக்கணக்கான படங்களில் ஒரே ஒன்றில்தான் அவளுடைய பெருவிரல் விழுந்திருக்கிறது. அதை இன்றைக்கும் சொல்லிக் கவலைப்படுவாள்.

அப்படிப்பட்டவள் செய்த பிழையைத்தான் சொல்லப்போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அதில் பாதி என்னுடைய பிழை.

போன வருடம் ஐப்பசியில் அவளுடைய அறைக்கு மூன்று அட்டைப்பெட்டிகள் வந்தன. எல்லாம் மராத்தி. மராத்திக்காரருக்குத் தீபாவளி என்றால் பலகாரம் மட்டும் போதாதாம்; கதையும் கவிதையும் நிறைந்த தீபாவளி இதழ் ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டுமாம். எழுபதுகளில் ரொறன்ரோவுக்கு வந்த சில குடும்பங்கள் அந்த ஆசையை விட முடியாமல் தாங்களே ஓர் இதழை உண்டாக்கியிருக்கிறார்கள். ஸ்ரென்சில் என்னும் மெழுகுத்தாளில் கையால் எழுதி, ஒருவர் வேலை செய்த கந்தோரில் படியெடுக்கிற றோணியோ மெசினில், முதலாளி வீட்டுக்குப் போனபிறகு உருட்டியெடுத்த இதழ். எட்டுப் பிரதிக்கு மேல் உருட்ட அவருக்குத் துணிவு வரவில்லையாம். வீடுகளோ அறுபதுக்கு மேல். ஆகவே ஒவ்வொரு பிரதியும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். வாசித்தவர் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அது அவரிடம் திரும்பி வராது. 1975 முதல் 1979 வரை ஐந்து தீபாவளிக்கு இப்படி நடந்து, பிறகு ஆட்கள் வீடு வாங்கித் திசைக்கொருவராகப் போக, எல்லாப் பிரதிகளும் ஒருவருடைய பேஸ்மென்றில் ஒதுங்கிவிட்டன. அவர் இறந்தபின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள்.

பேராசிரியர் மிருணாள் பாட்கர் என்பவர் அவற்றைக் கேட்டு வாங்கியிருந்தார். கனடாவில் எழுதப்பட்ட மராத்தி எழுத்தையெல்லாம் கணினியில் ஏற்றி, கையெழுத்தைக் கணினியையே வாசிக்கப் பழக்கி, அதைக்கொண்டு ஆராய்வது அவருடைய திட்டம். இந்த ஆட்கள் எழுபத்தைந்தில் 'வீடு' என்று எழுதியபோது எந்த ஊரைச் சொன்னார்கள், எழுபத்தொன்பதில் எந்த ஊரைச் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்க்கலாமாம். கேட்டபோது எனக்குக்கூட ஆசையாக இருந்தது. நாங்கள் எந்த வருடத்திலிருந்து பிறம்ரனை வீடு என்று சொல்லத் தொடங்கினோம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

ஐந்து இதழ், ஒவ்வொன்றிலும் எட்டுப் பிரதி. நாற்பதையும் எடுக்க நேரமுமில்லை, தேவையுமில்லை என்று ஒரு விதி போட்டிருந்தார்கள்: ஒரே இதழின் பல பிரதிகள் இருந்தால் மிகச் சுத்தமானதை மட்டும் எடு, கிறுக்கலும் கறையும் உள்ளவற்றை விலக்கு. விதியில் பேராசிரியரே கையெழுத்து வைத்திருந்தார். அன்ரனெற்றும் எட்டுப் பிரதிகளை மேசையில் பரப்பிப் பார்ப்பாள். ஏழில் தேத்தண்ணீர்க் கறை, எண்ணெய் விரல், அச்சில்லாத பின்பக்கங்களில் பென்சில் கிறுக்கல். ஒன்று மட்டும் கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் வெள்ளையாக இருக்கும். அவளுக்கு அதைவிடச் சந்தோசம் வேறென்ன? அந்த ஐந்து வெள்ளைப் பிரதிகளையும் முன்பக்கம் மட்டும் படமெடுத்து அனுப்பினாள்.

மிச்சம் முப்பத்தைந்து பிரதி. கழித்துவிடுவதற்கான படிவத்தில் அவள் கையெழுத்து வைத்தாள். கழிவுத்தாள் போடும் நீலப் பெட்டியில் போடப் போனவளுக்கு மனம் வரவில்லை. பொறுப்பாளரிடம் கேட்டாள். "வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போ," என்று அவன் தலை நிமிராமல் சொன்னான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவளைக் கூட்டிவரப் போனபோது தள்ளுவண்டி நிறையத் தாள்.

"நல்ல தடிச்ச தாள் மச்சாள். பெட்டி அடுக்க உதவுமெண்டு கொண்டந்தனான்."

உதவத்தான் செய்தது. மன்னாரில் என் தங்கை மகள் றஜிதா புது வீடு கட்டி முடிக்கிறாள். குடிபூரலுக்கென்று எழுபத்திரண்டு உருப்படியுள்ள பீங்கான் செற் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கப்பலில் பெட்டி போடுவதென்றால் சுற்றுகிற தாளில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. நானும் அன்ரனெற்றும் நிலத்தில் இருந்து ஊசிக்கம்பிகளைக் கழற்றி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்பது பத்துத் தாளாகக் கசக்கிச் சுற்றினோம். கோப்பைகளின் வயிற்றுக்குள்ளும் திணித்தோம். மூன்று பெட்டி நிறைந்தது. அவளாவது மெல்லக் கசக்கினாள். என் கை முரட்டுக் கை.

பெட்டிகளைப் பொறுப்பெடுத்தவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை. பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தின் மூலையை வாடகைக்கு எடுத்து ஊருக்குப் பெட்டி அனுப்புகிறவர். நல்ல மனிதர், ஆனால் அவருடைய கிழமைக்கு இருபது நாள். தை மாதம் கொடுத்த பெட்டி மாசியிலும் அங்கேயே கிடந்தது. நான் திங்கட்கிழமை தோறும் போன் எடுப்பேன். "கொன்ரெய்னர் நிறைய வேணும் தங்கச்சி," என்பார். நான் என் வாயில் வந்ததையெல்லாம் சொல்வேன். றெமிஜியஸ் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை பேராசிரியர் மிருணாள் அன்ரனெற்றின் அறைக்கு இறங்கி வந்தார். மின்னஞ்சலில் மட்டும் பேசுகிற மனிதர் நேரில் வந்ததே அவளுக்குப் பதற்றமாக இருந்தது. கையில் 1979ஆம் ஆண்டு இதழின் ஒரு பக்கம். கணினி வாசித்து முடித்ததைத் தான் சரிபார்த்தபோது கண்டதாகச் சொல்லி, அதை ஆங்கிலத்தில் மாற்றி அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

'வழக்கம்போல இந்தக் கதையையும் நாங்கள் வேண்டுமென்றே முடிக்கவில்லை. இதழ் உங்கள் வீட்டுக்கு வரும்போது தாள்களின் பின்பக்கத்தில் நீங்கள் முடித்து வையுங்கள். உங்களுக்கு முன் எழுதியவருக்குப் பதிலும் எழுதுங்கள். பெயர் போடவேண்டாம். பிறகு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.'

"பின்பக்கங்களின் படம் எங்கே?" என்று கேட்டார்.

"பின்பக்கம் வெறுமை," என்றாள் அன்ரனெற்.

"இந்தப் பிரதியில் வெறுமை. மற்றப் பிரதிகளில்?"

அன்ரனெற்றுக்கு அந்த நிமிடத்தில் விளங்கிவிட்டது. சுத்தமாக இருக்கிறதென்று பார்த்துப் பார்த்து அவள் எடுத்து வைத்தது, ஒருவரும் வாசிக்காத பிரதி. எந்த வீட்டுக்கும் போகாமல், இதழ் நடத்தியவர்கள் தங்கள் சேமிப்புக்கென்று வைத்திருந்தது. கதை முழுக்க மற்ற ஏழிலும் இருந்திருக்கிறது. பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்து அவள்தான் விலக்கினாள்.

பேராசிரியர் கழிவுப் படிவத்தையும் கையில் வைத்திருந்தார். குப்பைக்குப் போய்விட்டது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்ரனெற்மேல் ஒரு பழியும் இல்லை. விதி அவர்களுடையது, படிவம் ஒழுங்காக இருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. "நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கே இருக்கிறதென்று கேட்டுச் சொல்கிறேன்," என்றாள். பொறுப்பாளர் தந்த அனுமதிக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. வேலை போகலாம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டு நின்றேன். போன் வந்தது.

"மச்சாள், றஜிதான்ர பெட்டி போயிட்டுதோ?"

"எங்க போறது? உந்த மனிசன் அசைஞ்சால்தானே."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்கோ. அந்தத் தாளெல்லாம் வேணும். ஒண்டும் விடாமல் வேணும்." அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது.

உடனே நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு எடுத்தேன். நான் வாயைத் திறக்க முதல் அவரே சொன்னார். "தங்கச்சி, உங்கட பெட்டியெல்லாம் போயிட்டுது. போன கிழமையே ஏத்தியாச்சு. இப்ப கப்பல் மொன்ரியலும் தாண்டியிருக்கும்."

ஏழு கிழமை இந்த மனிதரைப் பிந்துகிறார் என்று திட்டினேன். பிந்த வேண்டிய ஒரே ஒரு நாளில் பிந்தாமல் போய்விட்டாரே என்று அன்றைக்குத் திட்டினேன்.

அந்தப் பின்னேரம் அன்ரனெற் பஸ் எடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள். றஜிதாவிடம் சொல்லித் தாளை எடுத்து வைக்கச் சொல்லலாம் என்றேன். சொல்லலாம்தான். ஆனால் போனமுறை போட்ட பெட்டி உப்புத்தண்ணீரில் ஊறி ஊர்போய்ச் சேர்ந்தது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. கொழும்பில் பெட்டியைத் திறந்து பார்த்தால் தட்டைத்தான் திரும்ப வைப்பார்கள், கசங்கின தாளை யார் எண்ணப்போகிறார்கள்? அதுவும் பென்சில் எழுத்து.

"ஊரில எங்கட நூலகத்தை எரிச்சவங்களை எத்தினை தரம் திட்டியிருப்பன் மச்சாள்," என்றாள். "அவங்கள் நெருப்பு வச்சாங்கள். நான் கையெழுத்து வச்சன்."

கசக்கிய கை என்னுடையது. அவளுக்குத் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். யாரோ ஒருத்தி வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளையைப் படுக்கவைத்து, பிறகு பென்சிலை எடுத்து எழுதியதை நான் கோப்பை வயிற்றுக்குள் திணித்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை பல் துலக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பெட்டியை ஏற்ற முதல் நீக்கிலாப்பிள்ளை அண்ணை, ஊரில் பெட்டி எடுக்கப்போகிறவரின் அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியைக் கேட்பார். அது இல்லாமல் ஒரு பெட்டியும் நகராது. என்னிடம் கேட்கவே இல்லை. அதோடு இந்தத் திங்கட்கிழமைகூடக் கொன்ரெய்னரில் பாதியும் நிறையவில்லை என்று சொன்ன மனிதர், போன கிழமையே எப்படிக் கப்பலில் ஏற்றினார்?

"அன்ரனெற், வெளிக்கிடு!" என்று கத்தினேன். அவள் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். நூலகத்துக்கு லீவு சொல்லியிருந்தாள்.

நாங்கள் போனபோது நீக்கிலாப்பிள்ளை அண்ணை களஞ்சிய வாசலில் நின்று பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் காரைக் கண்டதும் அவருடைய கை பாதி வழியில் நின்றது.

"அண்ணை, கப்பல் மொன்ரியல் தாண்டிட்டுதோ?"

"தங்கச்சி..."

நான் அவரைக் கடந்து உள்ளே போனேன். மெத்தை, சைக்கிள், யாருடையதோ ஆர்மோனியம். அவற்றுக்குப் பின்னால், ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், என் கையெழுத்தில் 'றஜிதா, மன்னார்' என்று எழுதிய மூன்று பெட்டிகளும் நாடா பிரியாமல் இருந்தன. அன்ரனெற் நிலத்தில் இருந்து ஒரு பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த மெத்தையில் இருந்துவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு பொய் கேட்டு அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

"ஏன் அண்ணை பொய் சொன்னியள்?"

"நீங்கள் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை தாற பேச்சுக்கு உண்மை சொல்ல ஏலுமே?" என்றார் பாவம். அடி விழப்போகிறது என்று நிற்கிறவர்போல் நின்றார்.

"அண்ணை, நீங்கள் நல்லா இருப்பியள். நூறு வயசுக்கு இருப்பியள்," என்றேன். அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்துவிட்டார்.

அங்கேயே பெட்டிகளைத் திறந்தோம். நான் ஒவ்வொரு தட்டாக வெளியே எடுக்க, அன்ரனெற் தாள்களை முழங்காலில் வைத்து உள்ளங்கையால் நீவி நீவி அடுக்கினாள். விசயத்தைக் கேட்டதும் நீக்கிலாப்பிள்ளை அண்ணை கை கழுவிவிட்டு வந்து எங்களோடு குந்திக்கொண்டார். தட்டுகளைத் திரும்பச் சுற்றத் தன்னுடைய பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஒரு கட்டுக் கொண்டுவந்து தந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு எண்ணி முடித்தோம். ஆயிரத்து நானூறு தாள் இருக்க வேண்டும். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு இருந்தது.

பன்னிரண்டு குறைந்தது எப்படி என்று அன்ரனெற் திரும்பத் திரும்ப எண்ணினாள். மூன்றாம் முறை எண்ணும்போது நான் சொல்லிவிட்டேன். பெட்டி அடுக்கிய அன்றைக்கு மீன் றோல்ஸ் பொரித்து எண்ணெய் வடிய விட்டது அந்தத் தாளில்தான். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அந்தப் பன்னிரண்டில் என்ன இருந்ததென்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அது என் தலையில்தான் இருக்கிறது, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் தாள்களைப் பேராசிரியரின் மேசையில் வைத்து, பீங்கான், கப்பல், றோல்ஸ் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மிருணாள் சிரிக்கத் தொடங்கினாராம். "சுத்தமான பிரதியைக் கேட்டது நான். புத்தகத்தை நேசிக்கிற நாங்கள் வாசிக்கப்படாத புத்தகத்தைத் தேடியிருக்கிறோம்," என்று சொல்லி, விதியைத் தன் கையாலேயே வெட்டினார். அன்ரனெற்றின் வேலைக்கு ஒன்றும் நேரவில்லை. அவள் அன்றைக்கு இரவு முழுக்க நித்திரை கொண்டாள் என்று மறுநாள் காலை எனக்குச் செய்தி அனுப்பினாள்.

தாள்களை ஈரப்பதம் கொடுத்து, பாரம் ஏற்றித் தட்டையாக்க ஐந்து கிழமை எடுத்தது. பிறகு அவள் முன்பக்கமும் பின்பக்கமுமாகப் படமெடுத்தாள். மெல்லிய கோடுகளை அழுக்கென்று நினைத்துத் தானாகவே அழித்துவிடும் ஒரு வசதி அந்த மெசினில் இருக்கிறது. அதை நிற்பாட்டிவிட்டு எடுத்தாள். ஒவ்வொரு பிரதியும் கடந்துவந்த பாதையைப் பதிய மிருணாள் அட்டவணையில் ஒரு புது நிரலைச் சேர்த்திருந்தார். பின்பக்கங்களில் எழுதியவர் பெயர் இல்லாவிட்டாலும், அடுத்துக் கொடுக்க வேண்டிய வீடுகளின் முகவரிகள் சில இடங்களில் குறித்திருந்தன. அவற்றை வரைபடத்தில் போட்டபோது ஒரு புள்ளி அன்ரனெற் இருக்கிற கட்டடத்திலேயே விழுந்தது, பதினோராம் மாடியில். பாதையின் கடைசியில் 'பிறம்ரன், பீங்கான் தட்டுச் சுற்றியது' என்றும் எழுதச் சொன்னார். அன்ரனெற் வெட்கப்பட்டாள். அந்த மடிப்புகள் படத்தில் தெரிகின்றனவே, பிறகு பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டாமா என்று கேட்டார். எழுதினாள்.

1979ஆம் ஆண்டு இதழின் முடிக்காத அந்தக் கதை இதுதான்: கலியாணம் முடித்து முதல் தரம் கனடாவுக்கு வரும் ஒரு பெண் பனிக்காலத்தில் விமான நிலையத்தில் நிற்கிறாள். கூட்டிப்போக வர வேண்டிய கணவனைக் காணவில்லை. கதை அங்கே நிற்கிறது. பல வீடுகளில் கணவனுக்குக் கார் பழுதாகிவிடுகிறது, பிறகு வந்துவிடுகிறான். மூன்றாம் பிரதியில் மட்டும் ஒருவர் பதினொரு பின்பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதில் அந்தப் பெண் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு கண்ணாடிக்கு அருகில் போய் இருக்கிறாள். பனி விழுவதைப் பார்க்கிறாள். நேரம் போகப் போகத் தன்னை ஒருவருக்கும் தெரியாத அந்த இடம் அவளுக்குப் பிடித்துப்போகிறது. கணவன் ஓடிவந்து கூட்டத்துக்குள் அவளைத் தேடும்போது அவள் அவனைக் காண்கிறாள்; ஆனால் கையசைக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

அதன் கீழே ஆறு வேறு கையெழுத்துகள் இருந்தன.

எழுதியவர் யாரென்பதைக் கணினிதான் கண்டுபிடித்தது. அந்தப் பென்சில் எழுத்தின் வளைவுகளும் 1977ஆம் ஆண்டு இதழுக்கு ஸ்ரென்சில் எழுதிய கையின் வளைவுகளும் ஒன்றென்று காட்டியது. அந்த இதழின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரென்சில் எழுதியவரின் பெயர் இருந்தது: சரயு கானேக்கர். மிருணாள் விசாரித்துப் பார்த்ததில் அவர் றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார்.

புரட்டாதியில் அவர் வந்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். பெட்டி அடுக்கியவளையும் பார்க்க வேண்டும் என்று மிருணாள் கேட்டிருந்தார். றோல்ஸ் கொண்டுபோனேன், பிளாஸ்ரிக் டப்பாவில். சரயு கானேக்கருக்கு எழுபத்து மூன்று வயது. கட்டையாக வெட்டிய தலைமயிர், கையில் கார்த் திறப்பு. தானே ஓட்டி வந்தவர், திரும்பிப் போகிற அவசரத்திலேயே இருந்தார். "நாற்பத்தைந்து வருடத்துக் குப்பைக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அன்ரனெற் மூன்றாம் பிரதியை அவர் முன்னால் வைத்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள். அவர் முதல் வரியைப் பார்த்ததும் திறப்பை மேசையில் வைத்தார்.

"இது நான்தான்," என்றார். "ஒருவருக்கும் பிடிக்கவில்லை."

"யார் சொன்னது?" என்று கேட்டார் மிருணாள்.

"ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதானே சொன்னமாதிரி. அடுத்த தீபாவளிக்கு இதழும் வரவில்லை. நல்ல குடும்பங்கள் வாசிக்கிற இதழில் இப்படி எழுதிக் கெடுத்துவிட்டேன், என்னால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு நான் எழுதவில்லை."

அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவர் கையைவிட்டுப் போன பிரதி அவரிடம் திரும்பி வருகிற வழக்கம் இல்லை. எழுதியவர் பெயர் போடுகிற வழக்கமும் இல்லை. பாராட்ட நினைத்தவர்களுக்கு யாரைப் பாராட்டுவதென்று தெரியாமல் போய்விட்டது.

அன்ரனெற் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, கடைசியாக அந்த ஆறு கையெழுத்துகளுக்கு வந்து நிறுத்தினாள். சரயு குனிந்து வாசித்தார். எங்களுக்காக மிருணாள் மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருத்தி இதை மூன்று முறை வாசித்தேன் என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, நானும் அதே விமான நிலையத்தில் நின்றவள், நான் கையசைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். ஓர் ஆண் கையெழுத்து, என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை, ஆனாலும் நல்ல கதை என்றது. ஒருவர் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மனமில்லாமல் இரண்டு கிழமை வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். ஐந்தாவது கையெழுத்து ஒரே சொல்: 'கையசைக்காதே.' கடைசி ஆள் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'இதை எழுதியது யார் என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். பெயர் சொல்லக்கூடாது என்பது விதியாம். விதி நாசமாய்ப் போக. நீ யாராக இருந்தாலும் அடுத்ததை எழுது.'

சரயு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டே சிரித்தார். "அடக் கடவுளே, அடக் கடவுளே," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று மிருணாள் பிறகு சொன்னார். அன்ரனெற்றின் தோளிலிருந்து ஏதோ இறங்கியது எனக்குத் தெரிந்தது. பங்குனியிலிருந்து அவள் சுமந்துகொண்டு திரிந்தது அது.

"ஒரு பென்சில் இருக்குமா?" என்று சரயு கேட்டார்.

என் மச்சாள் பதினொரு வருடத்தில் ஒரு விதியும் மீறாதவள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, 1979ஆம் ஆண்டின் அந்த எட்டாவது பிரதியை, ஒருவரும் வாசிக்காத அந்த வெள்ளைப் பிரதியை எடுத்துவந்து, கதையின் கடைசித் தாளைப் பின்பக்கம் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு பென்சிலையும் வைத்தாள். மிருணாள் தாளைப் பார்த்தார், அன்ரனெற்றைப் பார்த்தார்.

"வாசித்தவர் பின்பக்கத்தில் எழுத வேண்டும்," என்றார் கடைசியில். "இதழின் விதி அதுதானே."

சரயு இரண்டே வரி எழுதினார். அன்ரனெற் அந்தத் தாளைத் தொட்டிலில் வைத்துக் காலால் மிதித்தாள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம்.

றஜிதாவின் பெட்டி, குடிபூரல் முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு மன்னாருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு தட்டும் உடையவில்லை. நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு நான் இப்போது திங்கட்கிழமைகளில் போன் எடுப்பதில்லை.

சரயு வந்துபோன மறுநாள் அன்ரனெற் எனக்குப் போன் எடுத்தாள். பதினொரு வருடத்தில் முதல் தரமாக, தான் எடுத்த ஒரு படத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று மேல்மாடிக்குப் போய்க் கேட்டாளாம். மிருணாள் சொன்னதை ஒரு துண்டில் தமிழில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு வாசித்துக் காட்டினாள்.

'அவனுக்கு நான் கையசைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் ஆறு பேர் நின்றது எனக்குத் தெரியாது. இதோ, கையசைக்கிறேன்.'